எலி கடித்த ஒயர்

எங்கள் தெருவில் கார்களுக்குப் பாட்டு செட் பார்க்கிற ஒருவர் கடை வைத்திருந்தார். அவருடைய முன்பல்லில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். ஒயரைப் பல்லால் கடித்து உரித்து உரித்து விழுந்த வெட்டு. கட்டர் பக்கத்திலேயே கிடக்கும். ஆனாலும் ஒயர் கைக்கு வந்தால் நேரே வாய்க்குத்தான் போகும். உரித்த தோலைத் துப்பிவிட்டுத்தான் பேச்சே ஆரம்பிப்பார்.

அவர் பேரை நான் சொல்லப்போவதில்லை. அவர் முகத்துக்கு நேரே தெருவில் எல்லோரும் சவுண்டுக்காரர் என்பார்கள். அவர் அந்தப்பக்கம் போனதும் எலி மெக்கானிக் என்பார்கள். எந்த வண்டி வந்தாலும், அதில் என்ன கோளாறு இருந்தாலும், கடைசியில் எலி கடித்திருக்கிறது என்று சொல்லித்தான் சாவியைக் கொடுப்பார். கரும்பும் நெல்லும் விளைகிற பக்கம் இது. வயலோரத்தில் நிறுத்துகிற வண்டிக்குள் எலி ஏறுவது உண்டுதான். அதனால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

என் வீட்டுக்காரர் இறந்த மறுவருஷம் நான் நைனார்பாளையத்து வீட்டைப் பூட்டிவிட்டுக் கள்ளக்குறிச்சியில் மகன் வீட்டுக்கு வந்தேன். என் பேரில் இருந்த நாலு ஏக்கரையும் கிணற்றையும் குத்தகைக்காரர் பொறுப்பில் விட்டேன். ஊரில் பொழுது முழுக்க நின்றுகொண்டே வேலை வாங்கியவள் நான். இங்கே உட்கார்ந்திருப்பதுதான் வேலை. வாசல் கிரில்லுக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப்பக்கம், அவருடைய தகரக் கொட்டகை. மூன்று வருஷம் அவர் செய்த வேலையை ஒன்று விடாமல் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

பின்னால் சத்தம் வரவில்லை என்று யார் வந்தாலும் அவர் முன்சீட்டில் ஏறமாட்டார். பின்கதவைத் திறந்து ஏறுவார். நாலு கதவையும் சாத்தச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குறை சொன்ன ஆள் எங்கே உட்கார்ந்து கேட்டாரோ அங்கேயே உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது அவர் வழக்கம். அப்புறம்தான் கதவின் உள்பலகையைக் கழற்றுவது. சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற பேட்டரி ஒன்றில் இரண்டு ஒயரை ஒட்டி வைத்திருப்பார். அதை ஸ்பீக்கரில் தொட்டால் டப் என்று ஒரு சின்னச் சத்தம் வரும். நடுவில் இருக்கிற காகிதம் வெளியே தள்ளினால் ஒயர் சரி. உள்ளே இழுத்தால் யாரோ இரண்டு ஒயரையும் இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த டப் சத்தம் ரோட்டைத் தாண்டி என் நாற்காலிக்கு வரும்.

ஒரு தடவை அதைப் பற்றி எனக்கு விளக்கினார். இரண்டு ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கின்றன, ஒயர் மட்டும் ஒன்றில் மாறியிருக்கிறது, அதனால் சத்தம் சோர்ந்துபோகிறது என்றார். அது எப்படி என்று கேட்டேன்.

“ஒண்ணு தள்ளசொல்ல இன்னொண்ணு இழுக்குதும்மா. ரெண்டும் வேலதான் செய்யுது. ஆனா ஒண்ண ஒண்ணு தின்னுடுது.”

வெள்ளிமலைக்குப் போய்வருகிற டிராவல்ஸ் வண்டி ஒன்று ஒருநாள் வந்தது. வண்டிக்குச் சொந்தக்காரர் இந்த ஊர்க்காரர். ஓட்டுகிறவர் கல்வராயன் மலைக்காரர், நாற்பது வயசு இருக்கும். இவன் கண்டபடி சத்தமாக வைத்துச் செட்டைக் கெடுத்துவிட்டான், இன்றோடு இவனை நிறுத்தப் போகிறேன் என்று வண்டிக்காரர் குதித்தார். நான் அப்போது ஒரு சொம்பில் மோர் கொண்டுபோய் அங்கேதான் நின்றிருந்தேன். சவுண்டுக்காரர் பின்ஸ்பீக்கரைக் கழற்றி மூக்கருகே வைத்தார். கருகிய வாடை எனக்கே அடித்தது. அவர் அதைத் துணியில் சுற்றிக் கீழே வைத்துவிட்டு, மலை எலி என்றார். நம் ஊர் எலி மாதிரி இல்லை, பெரிசு, ஒயரைக் கடித்து உரசவிட்டதில் உள்ளே சுற்றியிருக்கிற கம்பிக் காயில் போய்விட்டது என்றார். வண்டிக்காரர் எலியைத் திட்டிக்கொண்டே போனார். டிரைவர் பின்னாலேயே போய் வண்டியில் ஏறினார். அடுத்த வாரம் மலையிலிருந்து ஒரு பலாப்பழம் வந்தது. அதில் பாதி எங்கள் வீட்டுக்கு.

அன்றைக்கு நான் சும்மா விடவில்லை.

“எலி கடிச்சா கருகிப்போவுமாப்பா?”

“எலிக்கு வாயில்லம்மா. நான் கடிக்கலன்னு வந்து சொல்லப்போவுதா?”

“வாயில்லன்னா எப்பிடிக் கடிக்கும்?”

“கடிக்க இருக்குது. பேசத்தான் இல்ல.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தத் தெருவில் ஒயரைக் கடிக்கிற ஒரே எலி நீதான் என்றேன். அவரும் அந்த வெட்டுப் பல்லைக் காட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். அப்போது பிடிக்கும்.

ஆனால் சின்னசேலம் பக்கத்து அண்ணன் தம்பி விஷயம் அப்போதே எனக்கு உறுத்தியது. இரண்டு பேருக்கும் பொதுவில் ஒரு கார், அதில் எப்போதும் தகராறு. அண்ணன் அதை எடுத்துக்கொண்டு வந்தார். பின்பக்கத்து ஒயர் பிளேடால் அறுத்த மாதிரி நேராக அறுபட்டிருந்தது. தம்பி செய்த வேலை என்று பார்த்தவுடன் யாருக்கும் தெரியும். இவர் எலி என்றார். அவர்கள் வீட்டுக்குப் போய் வண்டி நிற்கிற இடத்தில் எலி மருந்து வைத்தார்கள். அதைத் தின்று அவர்கள் வளர்த்த நாய் செத்துப்போனது. அண்ணன் மறுபடி வந்தபோது சொல்லிவிட்டுப் போனார்.

நான் கடைக்குப் போய், கேட்டாயா என்றேன். அவர் நிமிர்ந்து பார்க்காமல், நாய் போச்சு, அண்ணன் தம்பி இருக்காங்க இல்லம்மா என்றார்.  திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

என் மகன் கார் வாங்கினான். கம்பெனியிலேயே செட் வைத்து வந்த வண்டி. முன்னால் நடுவில் கையகலத்துக்கு ஒரு கண்ணாடித் திரை. பாட்டும் அதில்தான், போனும் அதில்தான். போன் வந்தால் பாட்டு நின்று, பேசுகிற ஆளின் குரல் நாலு கதவிலிருந்தும் வரும். தை மாசம் ஆற்றுத் திருவிழாவுக்கு மணலூர்பேட்டை போனோம். மகனும் மருமகளும் முன்னால், நான் மட்டும் பின்னால். போகவர என் இரண்டு பக்கமும் பாட்டு நிறைந்திருந்தது. பங்குனிக்குள் பின்னால் சத்தம் செத்துப்போனது. முன்னால் ஏதோ முணுமுணுக்கும். ஏசி இரைச்சலும் ரோட்டு இரைச்சலும் அதை மூடிவிடும். இரண்டு கழுத்தைப் பார்த்துக்கொண்டே போய்வருவேன்.

பின்னால் கேட்கவில்லை என்று சொன்னேன். உனக்குக் காது கம்மியாகிவிட்டது என்றான் மகன். அன்றிலிருந்து மருமகள் என்னிடம் கத்திப் பேச ஆரம்பித்தாள். காது டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். காதில் ஏதோ மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். இந்த வயசுக்கு நல்ல காது என்றார் அந்த டாக்டர். திரும்பி வரும்போது மகன், “வயசுக்குன்னுதானம்மா சொன்னாரு,” என்றான்.

அந்த ஒரு வருஷமாகவே அவன் நிலத்தை எழுதிக் கொடு என்று கேட்டுக்கொண்டிருந்தான். பேருக்குத்தான் மாற்றுவது, விளைகிறது உனக்குத்தான், விற்கிற பேச்சே கிடையாது என்பான். பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். பின்சீட்டில் உட்கார்ந்து கவனித்தால், போன் வரும்போதெல்லாம் மருமகள் விரல் அந்தத் திரைமேல் போகும். எனக்கு என் பேரை எழுதத் தெரியும், பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அந்தத் திரையில் இருப்பது இங்கிலீஷ். ஆனாலும் மனசுக்குள் ஒன்று விழுந்துவிட்டது. என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டே நான் கேட்கக்கூடாததைப் பேசுகிறார்களோ என்று.

யாரிடம் கேட்பது? சவுண்டுக்காரரிடம் கேட்டேன்.

“பின்னால மட்டும் சத்தத்த கையால கம்மி பண்ண முடியுமாப்பா?”

அவர் வாயிலிருந்த ஒயர்த்தோலைத் துப்பினார். “யாரு கைம்மா?”

“யாரு கையா இருந்தா இன்னா. முடியுமா, முடியாதா?”

வண்டியைப் பார்க்காமல் சொல்லக்கூடாது என்றார். நானும் விடாமல் நச்சரித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் வேண்டாவெறுப்பாக வண்டியை எதிரே கொண்டுபோய் நிறுத்தினான். நானும் போய் நின்றேன்.

அவர் பின்சீட்டில் ஏறிக் கண்ணை மூடினார். இறங்கிப் பலகையைக் கழற்றினார். இந்தக் கதவில் ஒரு டப், அந்தக் கதவில் ஒரு டப். காகிதம் இரண்டிலும் வெளியேதான் தள்ளியது. பலகையைத் திரும்ப மாட்டினார். அப்புறம் முன்சீட்டுக்குப் போனார். கொஞ்ச நேரம்தான். பின்னாலிருந்து பாட்டு பளிச்சென்று கிளம்பியது. அவர் உடனே இறங்கவில்லை. கண்ணாடி வழியாக என் மகனைப் பார்த்தார். மகன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இறங்கி வந்து, எலி என்றார். முன்னால் டேஷ்போர்டுக்கு அடியில் ஒயரைக் கடித்திருந்தது, சேர்த்துவிட்டேன் என்றார்.

மகன் தலையைத் தூக்கி, எலியா என்றான். வயலோரத்தில் நிறுத்துறீங்க இல்ல சார் என்றார் அவர். ஆமாம், அதுதான், அதுதான் என்றான் இவன்.

நான் அவரை நேருக்கு நேர் பார்த்துக் கேட்டேன். “எலிதானாப்பா?”

“எலிதாம்மா. ஒங்க காது தங்கம்.”

எலி என்று அவர் எதற்குச் சொல்வார் என்று என்னைவிடத் தெரிந்தவர் யார்? எனக்கு அது ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் ஊருக்குச் சொல்வது வேறு, எனக்குச் சொல்வது வேறு என்று நினைத்திருந்தேன். மலை டிரைவர் விஷயத்தில் எனக்கு உள்ளதைச் சொன்னார். அண்ணன் தம்பி விஷயத்திலும் என்னிடம் மறைக்கவில்லை. அதனால் அவருடைய பொய்க்கு உள்பக்கம் நிற்கிறவள் நான் என்று ஒரு கர்வம். அந்தக் கர்வத்தில்தான் நம்பினேன்.

அன்று சாயங்காலம் மகன் எலி ஒட்டுகிற பசை அட்டை வாங்கிவந்து, வண்டிக்கு அடியில் குனிந்து வைத்தான்.  பெற்ற பிள்ளையைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று சோறு இறங்கவில்லை. அந்த வாரமே, வாடா போகலாம், எழுதித் தருகிறேன் என்றேன்.

ரிஜிஸ்டர் ஆபீசில் அந்த அதிகாரி, காது கேளாத கிழவி என்று யாரோ முன்கூட்டியே சொல்லிவைத்த மாதிரி உரக்கக் கத்தினார். பத்திரத்தைப் படித்துக் காட்டினார்களா, சம்மதமா என்று கேட்டார். எனக்கு நல்லாக் கேட்கும், மெதுவாகவே கேளுங்கள் என்றேன். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். ரேகை வைத்த பிறகு, கையெழுத்தும் போடுவேன் என்று பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, கோடு தாண்டாமல் போட்டேன். அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் எதையும் செய்ததில்லை.

மூன்று வாரம் போயிருக்கும். பின்னால் மறுபடி சத்தம் செத்தது. மகன் ஆபீசுக்கு பைக்கில் போயிருந்தான், மருமகள் குளித்துக்கொண்டிருந்தாள். சாவி கதவோரம் ஆணியில் தொங்கியது. எடுத்துக்கொண்டுபோய் அவரைக் கூப்பிட்டேன். பசை அட்டையில் ஒரு எலிகூட ஒட்டவில்லையே என்றேன். நான் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, நீ போய் முன்னால் உட்கார் என்றேன்.

பேட்டரி எடுக்கவில்லை. பலகை கழற்றவில்லை. திரையைத் தொட்டார். இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டிப் பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்துக்குக் கீழே ஒரு படம். மேலேயிருந்து பார்த்த மாதிரி ஒரு கார். முன்னால் இரண்டு சீட்டு, பின்னால் நீளமாக ஒரு சீட்டு. ஒரு வெள்ளைப் புள்ளி முன்சீட்டுக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் படிக்க யாருக்கும் பள்ளிக்கூடம் தேவையில்லை. அவர் விரலால் புள்ளியை நடுவுக்கு இழுத்தார். என் இரண்டு பக்கமும் பாட்டு வந்தது.

“இது எலி தள்ளுமாப்பா?”

அவர் திரும்பவில்லை.

“அன்னிக்கும் இதானா?”

“ஆமாம்மா.”

“ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க? சண்டதான் போட்டிருப்பீங்க.”

“கையெழுத்து போட்டிருக்க மாட்டேன்.”

அப்போதுதான் திரும்பினார். அவருக்கு அது தெரியாது. எந்தக் கையெழுத்து என்று கேட்டார். சொன்னேன். நாலு ஏக்கர், கிணறு, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது. கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரு வூட்ட ரெண்டாக்கிடக் கூடாதுன்னு நெனச்சேம்மா.”

“அது என் வூடுப்பா. சேத்து வைக்கிறதா பிரிக்கிறதான்னு நான் பாத்துக்க மாட்டேனா? நீ யாரு அத எனக்காக முடிவு பண்ண? நான் ஒன்ன கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.”

அவர் கதவைத் திறந்தார். இறங்கப் போனார். புள்ளியை முதலில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போ என்றேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்பதற்காக மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அவர் கையாலேயே அதைச் செய்ய வேண்டும் என்று இருந்தது. அவர் விரலை நீட்டி, புள்ளியை முன்னால் தள்ளினார். பாட்டு என்னை விட்டுப் போனது.

ஆடி பிறப்பதற்குள் குத்தகைக்காரர் நைனார்பாளையத்திலிருந்து போன் செய்தார். நிலத்தில் வெள்ளைக் கல் நட்டுக்கினு இருக்காங்க, மனை போடறாங்களாம், ஒங்களுக்குத் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். வேறென்ன சொல்வது? மகனைக் கேட்டேன். அவன் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே, “பேரு என்துதானம்மா,” என்றான். உள்ளேயிருந்து மருமகள், அவங்களுக்கு எதுக்கு இப்ப அதெல்லாம் என்றாள், மெதுவாக, எனக்குக் கேட்காது என்று நினைத்து.

அதற்குப் பிறகு யாரும் கடைக்கு எடுத்துப்போகாமலே வண்டியில் பின்பக்கத்துச் சத்தம் சரியாகிவிட்டது. நான் கேட்கக்கூடாதது என்று அவர்களிடம் எதுவும் மிச்சமில்லை.

சவுண்டுக்காரர் அப்புறம் என்னிடம் வரவில்லை. நானும் போகவில்லை. மோர்ச் சொம்பும் போகவில்லை. ஆனால் எதிரில்தானே இருக்கிறார், பார்க்காமல் இருக்க முடியாது. வண்டிகள் வந்தன. பின்சீட்டில் ஏறிக் கண்ணை மூடினார். முன்பு மாதிரி எலி என்று உடனே சொல்வதில்லை. சில பேருக்கு ஒன்றுமே சொல்லாமல் சாவியைக் கொடுத்தார். அவர்கள் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர் நல்ல மனுஷர் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நல்ல மனுஷர்தான். என் மகன்மேல் எனக்கு இருக்கிற ஆத்திரத்தைவிட அவர்மேல் இருக்கிறது கூடுதல் என்றால் அதற்கு அதுதான் காரணம். மகனிடம் நான் உண்மையைக் கேட்டுப் போகவில்லையே.

அந்த வருஷக் கடைசியில் கடையைப் பைபாஸ் பக்கம் மாற்றிக்கொண்டு போனார். காலையிலேயே மினி வேனில் சாமான் ஏற்றினார்கள். எல்லாம் ஏற்றிய பிறகு ரோட்டைத் தாண்டி வந்து கிரில்லுக்கு வெளியே நின்றார். நான் நாற்காலியில் இருந்தேன். இரண்டு கை தூரம்தான்.

“அம்மா, போய்ட்டு வரேம்மா. எதாச்சும் தப்பு பண்ணியிருந்தா மனசுல வெச்சிக்காதீங்க.”

நான் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் திருப்பவில்லை. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. இன்னொரு தடவை, அம்மா என்றார். நான் அசையவில்லை.

உள்ளேயிருந்து மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “அவங்களுக்குக் காது கேக்காதுங்க. கத்திச் சொல்லுங்க,” என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். என் காது எப்படிப்பட்ட காது என்று அந்தத் தெருவில் சந்தேகமில்லாமல் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

“ஆமாங்க, பாவம், கேக்கல போல,” என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போய் வண்டியில் ஏறிக்கொண்டார்.